சிறைக் கதவும் செய்தியும்: இந்தியப் புலனாய்வு இதழியலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் (1979–1994)

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறை, சிறைத்துறை அத்துமீறல்களை வெளிக்கொணர்ந்த இதழியல் முயற்சிகள் 1979 முதல் 1994 வரை இந்திய உச்ச நீதிமன்றத்தில் முக்கியத் தீர்ப்புகளுக்குக் காரணமாயின. அத்தீர்ப்புகளின் வழி வெளியிடும் உரிமை விரிந்ததையும், சிறையை அணுகும் உரிமை நிபந்தனைக்கு உட்பட்டதாகவே நின்றதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: புலனாய்வு இதழியல், விசாரணைக் கைதிகள், அணுகும் உரிமை, முன்தடை.

முன்னுரை

காவலில் அத்துமீறல் நிகழும்போது பாதிக்கப்பட்டவர் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். சான்றுகள் அத்துமீறியவர்களின் பொறுப்பிலேயே இருக்கின்றன. எனவே, இத்துறையில் புலனாய்வு செய்யும் இதழாளருக்கு இரண்டு உரிமைகள் தேவைப்படுகின்றன. ஒன்று, உள்ளே சென்று கேட்டறியும் உரிமை. மற்றொன்று, அறிந்ததை அச்சமின்றி வெளியிடும் உரிமை. இவ்விரண்டும் ஒரே அளவில் வளரவில்லை.

செய்தி மனுவாக மாறுதல்

தேசியக் காவல் ஆணைய உறுப்பினராக இருந்த கே.எஃப். ரஸ்தம்ஜி, பீகார்ச் சிறைகளைப் பார்வையிட்டார். விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி அவர் எழுதியவை, 1979 ஜனவரி 8, 9 ஆகிய நாள்களில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் வெளிவந்தன. தம்மீது சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய மிகுதியான தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் சிறையிலிருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி அச்செய்திகளை அடிப்படையாகக் கொண்டு மனுத் தாக்கல் செய்தார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என அறியப்படும் அதில், விரைவான விசாரணை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உரிமையின் பகுதி என நீதிமன்றம் அறிவித்தது. இங்குச் சிறைக் கதவு திறந்தது ஓர் ஆணைய உறுப்பினருக்கு என்பது கருதத்தக்கது.

பாகல்பூர்: கோப்பில் உறங்கிய உண்மை

1979–80ஆம் ஆண்டுகளில் பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில் 30-க்கும் மேற்பட்டோரின் கண்கள் காவலில் குத்தப்பட்டு, அவற்றில் அமிலம் ஊற்றப்பட்டது. அருண் சின்ஹா இதனை 1980 நவம்பரில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ வழி வெளிப்படுத்தினார். பார்வையிழந்த கைதிகளின் மனுக்கள் அதற்கு முன்பே சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மாவட்ட அமர்வு நீதிபதிக்குச் சென்றிருந்தன. அவை உரிய பயனின்றி அலுவலகங்களிடையே நகர்ந்தன. மாவட்ட அளவில் பலர் அறிந்திருந்த உண்மை, அச்சேறிய பின்னரே நாடு முழுமைக்குமான வினாவாயிற்று. தொடர்ந்து வந்த காத்ரி வழக்கில், கைதானவர் முதன்முறை நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும்போதே, வறியவராயின் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உடையவர் எனவும், அதனை அவருக்கு எடுத்துரைப்பது நடுவரின் கடமை எனவும் நீதிமன்றம் வகுத்தது.

அணுகும் உரிமையும் அதன் எல்லையும்

மரண தண்டனைக் கைதிகளைச் சந்திக்க விரும்பிய செய்தியாளர் பிரபா தத் தொடுத்த வழக்கு 1981இல் முடிவுற்றது. சிறையாளரைச் சந்திப்பது இதழாளரின் வரம்பற்ற உரிமையன்று. அது கைதியின் இசைவைச் சார்ந்தது. கைதி இசைந்த பின்னும் மறுப்பதாயின் அதற்கான காரணங்கள் எழுத்தில் தரப்படல் வேண்டும் என அத்தீர்ப்பு கூறியது.

1982 மே மாதத்தில் இதழாளர் ஷீலா பர்சே, உரிய அனுமதியுடன் பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களுள் ஐவர் காவல் நிலையத்தில் தாங்கள் தாக்கப்பட்டதாகக் கூறினர். அவர் எழுதிய கடிதத்தை நீதிமன்றம் நீதிப்பேராணை மனுவாக ஏற்றது. பெண்களுக்குத் தனிக் காவலறை, பெண் காவலர் பாதுகாப்பு, அமர்வு நீதிபதியின் முன்னறிவிப்பற்ற பார்வையிடல் முதலிய ஆணைகள் 1983இல் பிறந்தன.

ஆயினும், அதே இதழாளர் மகாராஷ்டிரச் சிறைகளில் ஒலிப்பதிவுக் கருவியுடன் நேர்காணல் நடத்தியபோது அவருக்குத் தந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு அணுகலை ஏற்றபோதிலும், ஒலிப்பதிவுக்குத் தனி அனுமதி வேண்டும் எனவும், திரட்டிய தகவலை அதிகாரிகளிடம் சரிபார்த்தல் வேண்டும் எனவும் வரையறுத்தது. குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் துறையே தகவலைச் சரிபார்க்கும் இடமாகவும் அமைவது இங்குள்ள முரண்.

தமிழ் இதழியலின் பங்கு

ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் 1991இல் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாறு ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்டது. குற்றச்செயல்களில் உயர் அதிகாரிகள் சிலருக்கும் தொடர்பிருந்ததாக அது பேசிற்று. அது மனைவியின் வழியாக வெளியே வந்தது. ‘நக்கீரன்’ அதனை வெளியிட முற்பட்டபோது, அது பொய்யானது என்றும் வெளியிடலாகாது என்றும் 1994 ஜூன் 15 நாளிட்ட கடிதத்தில் சிறைத்துறை ஐ.ஜி. தெரிவித்தார். ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

1994 அக்டோபர் 7இல் வந்த தீர்ப்பு, அவதூறு நேரும் என்னும் அச்சத்தால் அரசோ அதிகாரிகளோ வெளியீட்டுக்கு முன்தடை விதிக்க இயலாது என உறுதிசெய்தது. பொது ஆவணங்களில் உள்ள அளவிற்குக் கைதியின் இசைவின்றியும் வெளியிடலாம் என்றது. அதற்கு அப்பால் தனியுரிமை மீறலுக்கு இதழ் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அந்நூலைச் சங்கரே எழுதினாரா என்பதோ, அதன் உள்ளடக்கம் உண்மையா என்பதோ அத்தீர்ப்பில் முடிவு செய்யப்படவில்லை.

முடிவுரை

ரஸ்தம்ஜிக்குப் பதவியும், ஷீலா பர்சேவுக்கு அனுமதியும், ‘நக்கீர’னுக்கு ஒரு கையெழுத்துப் படியும் சிறைச் செய்தியை அறியும் வாயில்களாயின. இவற்றுள் முதலிரண்டும் அரசு தந்தவை; எனவே, அரசால் மூடத்தக்கவை. மூன்றாவது அரசின் பிடிக்கு அப்பாற்பட்டதெனினும், அது சொல்வதை உள்ளே சென்று சரிபார்க்க வழியில்லை. வெளியிடும் உரிமை வலுப்பெற்ற அளவிற்கு அணுகும் உரிமை வலுப்பெறாவிடின், அச்சேறும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாமலும், மெய்யான துன்பம் அச்சேறாமலும் போகும். காவலில் உள்ளவரின் பாதுகாப்பு இவ்விரு உரிமைகளும் இணையும் இடத்திலேயே உள்ளது.