கல்லாவில் அமர்ந்தால் தெரியாத நோய்



ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாம், நம் கால்களைக் கவனிப்பதில்லை. மேலகரத்தில் மண்டிக்கார அண்ணாச்சி ஒருவருக்கு நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். வாயு என்று தைலம் தேய்த்து வந்தார். கட்டைவிரல் கறுத்து, அதை எடுக்க வேண்டி வந்தபோதுதான் கால் ரத்தக் குழாயில் அடைப்பு என்று தெரிந்தது.

குழாயில் கொழுப்பு படிந்து உள்வழி சுருங்குவதே இந்நோய். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அது கிடைக்காததால் வலிக்கிறது. நாள் முழுதும் கல்லாவில் அமரும் நமக்கு அந்த வலியே தெரியாமல் போகலாம்.

சோதனை எளிது. படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. இது 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். சர்க்கரை நோயில் குழாய் இறுகி 1.40-க்கு மேலும் காட்டலாம். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

50 வயதைக் கடந்து சர்க்கரையோ பீடி, சிகரெட் பழக்கமோ உள்ளவர்களும், 65 வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். இவ்வடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. காலைக் காட்ட நாம்தான் போக வேண்டும். சரக்கெடுக்கத் தென்காசி போகும் நாளில் அதையும் முடித்து வருவோம்.