இழையில் பறக்கும் இணையம் குசினியில் ஏன் முடங்குகிறது?

ஏ9 வீதியோரம், கனகராயன்குளத்தில் ஒரு கல்வீடு. புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விறாந்தையில் ஓடும் வீடியோ குசினியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏன்?

கண்ணாடி இழையில் வருவது ஒளி. சுவரில் பொருத்தும் ஓஎன்டி பெட்டி அதை மின்சைகையாக்குகிறது. றவுட்டர் அதை வானொலி அலையாக்கிப் பரப்புகிறது. இழையில் வந்த வேகம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்து மீற்றரில்தான் தொலைகிறது.

றவுட்டர் பரப்பும் 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். அது சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹேட்ஸ் அலை அதில் பாதி நீளம். வேகம் கூட, ஆனால் கொங்கிறீற்றில் சோர்ந்துவிடும். தகரமும் இரும்பு அலுமாரியும் இரண்டையும் தெறிக்கச் செய்யும், தண்ணீர் உறிஞ்சும்.

றவுட்டரை எப்படித் தெரிவுசெய்வது? இரண்டு அலைவரிசையும் உள்ளதாக வாங்குங்கள். கேபிள் செருகும் துளை 100 மெகாபிட் என்றால், 300 மெகாபிட் இணைப்பும் நூறுக்குள் அடங்கிவிடும். ‘கிகாபிட்’ துளை இருக்கிறதா என்று பாருங்கள். அன்ரனாக்களின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்.

கடைக்குப் போகமுன் ஒரு சோதனை: ஓஎன்டி பெட்டியிலேயே வை-ஃபை இருந்தால், இணைப்புப் பூட்ட வருபவரிடம் அதை வீட்டின் நடுவில், தோளுயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். குசினிக்கும் எட்டினால் காசு மிச்சம்.