படகின் ஸ்டியரிங் இறுகிவிட்டதா?

யுத்தத்தில் கணவனை இழந்தபின், மிஞ்சிய படகை ஆட்களைக் கொண்டு தொழிலுக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் உள்ளனர். "கேபிளை எடுத்துவிட்டு ஹைட்ரோலிக் போடவேண்டும்" என்று திருத்துபவர் சொன்னால், கடன் வாங்குமுன் சற்று யோசியுங்கள்.

என்ஜினைக் கைபிடியால் திருப்பும் படகுக்கு இது தேவையே இல்லை. எமது சிறு கண்ணாடியிழைப் படகுகளிற் பெரும்பாலானவை அத்தகையவையே. ஸ்டியரிங் சில்லுப் பூட்டிய படகுகளுக்கே இந்தப் பேச்சு.

கேபிள் முறையில், உறைக்குள் ஓடும் உருக்குக் கம்பியே என்ஜினைத் தள்ளி இழுக்கிறது. உப்புநீர் புகுந்தால் அது துருப்பிடித்து இறுகும். ஹைட்ரோலிக் முறையில், சில்லைத் திருப்ப எண்ணெய் குழாய்வழியே சென்று என்ஜினைத் தள்ளும். கை நோகாது, பெரிய என்ஜினுக்கு நல்லது. ஆனால் விலை அதிகம். எண்ணெய் கசிந்தாலோ குழாயிற் காற்றுப் புகுந்தாலோ பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே முதலில், படகு கரையில் நிற்கும்போது என்ஜினை நிறுத்தி, கேபிளைக் கழற்றுவித்து, என்ஜினைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால் பழுது கேபிளிலோ அது செல்லும் குழாயிலோ இருக்கலாம். குழாயைத் துப்பரவாக்கி, தேவையானால் புதுக் கேபிள் போட்டாலே அநேகமாகப் போதும். அப்போதும் இறுகினால் குறை என்ஜின் திரும்பும் தண்டில். அங்கே கிறீஸ் ஏற்றவேண்டும். அதைச் செய்யாமல் ஹைட்ரோலிக் போட்டாலும் அக்குறை தீராது.

இறுகிய ஸ்டியரிங்குடன் எவரையும் கடலுக்கு அனுப்பாதீர்கள். படகு உங்களுடையது; கேட்டறிந்து முடிவெடுப்பதும் உங்கள் உரிமையே.