நூறு மில்லிகிராம் கேப்சூலும் நாலு கிலோ பூனையும்

பூனையின் காதோரம் வட்டமாக முடி கொட்டுகிறது. சில நாளில் வீட்டுக் குழந்தையின் கையிலும் சிவந்த வளையம். குழந்தைக்கு வாங்கிய மாத்திரையில் கொஞ்சம் உடைத்துப் பூனைக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். பூனைகளின் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமான மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை மனிதரையும் தொற்றும். நோய் ஒன்றாக இருக்கலாம். மருந்தும் அளவும் ஒன்றல்ல.

இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையே பார்க்கலாம். பூனைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 20 போதும். மனிதருக்கான கேப்சூலிலோ 100 அல்லது 200 இருக்கும். முழுசாகப் போட்டால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. சரி, பிரித்துக் கொடுக்கலாம் என்று கேப்சூலைத் திறந்தால் உள்ளே மருந்து பூசிய சின்னச் சின்ன மணிகள். அவற்றை நசுக்கக் கூடாது. கண் அளவில் பிரித்தால் அளவும் தப்பும். மூலத் தூளை வாங்கிக் கலக்கிய திரவங்கள் நாய், பூனை உடலில் சரிவர ஏறுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பூனைக்கென்றே தயாரான திரவத்துக்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் கிடைத்தது: ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தி, மூன்று சுற்று. நம் ஊரில் எந்த வடிவத்தை எப்படிப் பிரிப்பது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் ஓடிக்கொண்டிருந்தால் கேப்சூல் சரியாக ஏறாது.

இன்னொரு பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோல் விலை மலிவு, ஆபத்து அதிகம். கல்லீரலைக் கெடுப்பதால் மனிதருக்கான இந்த மாத்திரையை நிறுத்திவைக்க ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் பரிந்துரைத்தது. பூனைகள் இதைத் தாங்குவதே கடினம். நாய்களிடம் வேறொரு கண்ணி இருக்கிறது. சொறிக்கோ உண்ணிக்கோ ஐவர்மெக்டின் ஊசி போட்ட நாய்க்கு, அரிப்பு அடங்கவில்லை என்று இன்னொரு இடத்தில் கீட்டோகோனசோல் எழுதப்படுகிறது. ஐவர்மெக்டின் மூளைக்குள் போகாமல் தடுக்கும் காவலை இந்த மாத்திரை தளர்த்திவிடும். தள்ளாட்டம், நடுக்கம், பார்வை மங்கல், சில நேரம் மயக்கநிலை வரை போகும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே அந்தக் காவல் குறைவு. கடந்த சில வாரங்களில் போட்ட ஊசி, மருந்து எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது அதனால்தான் அவசியம்.

மூன்றாவது பூஞ்சை மருந்தான கிரிசியோஃபுல்வின் சினைப் பூனைக்கு ஆகவே ஆகாது. குட்டிகள் ஊனத்தோடு பிறக்கலாம். எஃப்.ஐ.வி. என்ற, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸ் தொற்று உள்ள பூனைக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைக் கையால் தொடாமல் இருப்பது நல்லது. மனிதருக்கான இனிப்பு சிரப் எதையும் நாய்க்கு ஊற்றுமுன் அதில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது நஞ்சு.

மாத்திரையை நாக்கின் பின்பகுதியில் வைத்ததும் வேலை முடிந்துவிடாது. உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரை வாயின் பக்கவாட்டில் மெல்ல விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

வாந்தி, தீனி வெறுப்பு, ஈறிலும் காதின் உட்புறத்திலும் மஞ்சள் நிறம், அடர் நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவு கூடிவிட்டது என்று உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகும்.

முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பூஞ்சை அதற்குப் பிறகும் தோலில் இருக்கும். பல வாரச் சிகிச்சைக்குப் பிறகு முடியை எடுத்து வளர்ப்புச் சோதனை (கல்ச்சர்) செய்தால்தான் போய்விட்டதா என்று தெரியும். கூடவே மருந்துக் குளியலும், உதிர்ந்த முடியைத் தினமும் அகற்றுவதும் வேண்டும்.

பணம் கட்டுபவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. படர்தாமரைதானா என்று எப்படி உறுதியானது, மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். பிராணியை எடை போட்டு, எடையையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவத் தொழிலைப் பதிவு பெற்ற மருத்துவரே செய்யலாம் என்கிறது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம். கடைக்காரரின் ஊகம் மருந்துச்சீட்டு ஆகாது.

மருத்துவரின் அலட்சியம் என்று நம்பக் காரணம் இருந்தால் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் புகார் தரலாம். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தையும் இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சீட்டு, ரசீது, மிச்ச ஸ்ட்ரிப், பரிசோதனை முடிவுகள் எதையும் எறிய வேண்டாம். பிராணி இறந்துபோயிருந்தால், புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவமனையிலோ கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உடற்கூறாய்வு கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் மருந்துதான் காரணம் என்று நிறுவுவது மிகவும் கடினம்.