‘தேய்மானம்’ என்ற சொல்லும் ஓட்டக்காரரின் முதுகும்

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் நாற்பது, ஐம்பது வயது ஓட்டக்காரர்களில் பலர், வலியைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே எம்.ஆர்.ஐ. உறையை மேசைமீது வைத்துவிடுகிறார்கள். “ஜவ்வு தேய்ந்துவிட்டதாம் டாக்டர், இனி ஓடக்கூடாதாம்” என்பதே அவர்களது முதல் வாக்கியம். உடன் வந்திருக்கும் மனைவியோ கணவரோ அதை ஆமோதித்துத் தலையசைப்பார். மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் விடியலில் ஓடுவோர் பெருகப் பெருக, இவ்வாறு வருவோரும் பெருகி வருகின்றனர்.

‘தேய்மானம்’ என்ற அந்த ஒரு சொல் செய்யும் தீங்கு, பல வேளைகளில் அந்த ஜவ்வு, அதாவது டிஸ்க், செய்யும் தீங்கைவிடப் பெரிது என்பது எங்கள் கருத்து. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. நாற்பது வயதினரில் 68 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்வும், 50 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. ஐம்பது வயதினரில் இவை முறையே 80, 60 விழுக்காடு. இவர்கள் எவருக்கும் வலி இல்லை என்பதை மீண்டும் நினைவில் கொள்ளுங்கள். தலைமுடி நரைப்பதைப் போன்றதே இது. நரையை யாரும் நோய் என்று கோப்பில் எழுதுவதில்லை.

ஓட்டம் டிஸ்க்கை அரைத்துவிடும் என்ற அச்சத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுப் பழக்கமே இல்லாதவர்களைவிட நெடுந்தூரம் ஓடுவோரின் டிஸ்க்குகளில் நீர்ச்சத்து மிகுந்திருந்தது. ஓடியதால்தான் அவை நன்றாக இருந்தனவா, நன்றாக இருந்தவர்கள்தான் ஓடினார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் ஓடியவர்களின் முதுகு சிதைந்துவிடவில்லை என்பது தெளிவு.

நாற்பத்தெட்டு வயது வங்கி அலுவலர் ஒருவர் எட்டு மாதம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். வலி குறைந்திருக்கவில்லை. எடை ஏறியிருந்தது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை உயர்ந்திருந்தது, தூக்கம் கெட்டிருந்தது. கீழே விழுந்த செய்தித்தாளைக்கூட அவர் குனிந்து எடுக்க வேண்டாம் என்று மனைவியே ஓடிவந்து எடுத்துக் கொடுப்பாராம். அன்பினால் செய்வதுதான். ஆனால் “குனியாதீங்க, பார்த்து” என்று நாளுக்கு இருபது முறை கேட்கும் ஒருவர், தம் முதுகு கண்ணாடியால் ஆனது என்றே நம்பத் தொடங்கிவிடுகிறார். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே மிகையாக உணரப் பழகிவிடுகிறது. அச்சமும் தூக்கமின்மையும் அதற்கு எண்ணெய் வார்க்கின்றன. அந்த அம்மையாரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது, நாள்தோறும் மாலையில் அவருடன் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்பது மட்டுமே.

அரைமணி நேர நடை வலியைக் கூட்டாமல் அமைந்த பிறகு ஓட்டம் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று ஆறு சுற்றுகள். ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக்கு மூன்று அளவிலான வலி ஓடும்போது இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. திரும்பாவிட்டால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அடிகளைச் சற்றுக் குறுக்கி விரைவாக எடுத்து வைப்பது நல்லது. இடுப்பு, தொடை, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்று வாரம் இருமுறை செய்ய வேண்டும். ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் தட்டிக் கழிப்பது இதைத்தான்.

விடியலில் எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடும் பழக்கம் பலருக்கு உண்டு. இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பதற்கும் அதுவே காரணம். அந்நேரத்தில் ஆழக் குனிந்தால் டிஸ்க்கின் மீது அழுத்தம் மிகும். முதலில் கால்மணி நேரம் நடந்துவிடுங்கள்.

இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் நாட்பட்ட முதுகுவலிக்கு வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. மருந்துக் கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதை நாங்கள் கண்டிப்பாகத் தடுக்கிறோம். வியர்த்து நீர் வற்றிய உடலில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மேற்கூறியவை எல்லோருக்கும் பொருந்தா. காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் ஓயாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உள்ளிட்டவற்றைச் சோதித்தாக வேண்டும். முன்பு புற்றுநோய் இருந்தவர்களும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் பரிசோதனைக்குப் பின்னரே ஓட வேண்டும். சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் தடையோ கட்டுப்பாடின்மையோ ஏற்பட்டாலும், மலவாய், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலும் அன்றே, இரவாயினும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

அந்த வங்கி அலுவலர் இப்போது வாரம் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். வலி முற்றிலும் போய்விடவில்லை; மழைக்காலத்தில் சில நாள்கள் கூடுகிறது என்கிறார். ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடலாமா என்று சென்ற மாதம் கேட்டார். பத்துக் கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னோம். சிறிது ஏமாற்றத்துடன்தான் ஒப்புக்கொண்டார்.

எங்களைப் பார்க்க வருவோர் பழைய ஸ்கேன் படம் இருந்தால் அதையே கொண்டுவரலாம். வருவதற்கு முன் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. கடந்த இரு மாதங்களில் எந்த நாளில் எவ்வளவு நடந்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், வலி எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் எங்களுக்குப் பெரிதும் உதவும். வீட்டிலிருந்து ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.