சிற்றூர் மக்கள்தொகையும் சாலை இணைப்பும்

ஓர் ஊரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்னும் எண்ணிக்கையே, அவ்வூருக்குச் சாலை வருமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. சமவெளியில் 500 பேரும், மலை மாநிலங்கள், பாலைநிலம், பழங்குடிப் பகுதிகள் ஆகியவற்றில் 250 பேரும் அதற்கு மேலும் வாழும் இணைப்பற்ற குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற சாலை அமைப்பது அதன் நோக்கமாகும்.

இத்திட்டத்தின் அலகு வருவாய்க் கிராமம் அன்று, குடியிருப்பே ஆகும். கணக்கெடுப்போ வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொள்கிறது. எனவே, கிராமத்தின் முதன்மைக் குடியிருப்பு சாலையைப் பெற்றிருப்பினும், அதன் குக்கிராமம் இணைப்பின்றி இருத்தல் கூடும். சிதறிய சிறு குடியிருப்புகளைப் பொறுத்தவரை, 500 மீட்டர் ஆரத்திற்குள் அமைந்தவற்றின் மக்கள்தொகையைக் கூட்டிக் கணக்கிட விதிமுறை இடமளித்தது. மலைப்பகுதியில் இவ்வெல்லை 1.5 கி.மீ. பாதைத் தொலைவாகும்.

சாலை இருப்பது வேறு. பேருந்து வருவது வேறு. 2011 கணக்கெடுப்பின் கிராம விவரத் தொகுப்பு இவ்விரண்டையும் தனித்தனியே பதிவு செய்கிறது. ஊரில் பேருந்து இல்லையெனில், அவ்வசதி கிடைக்கும் இடம் 5 கி.மீ.க்குள், 5 முதல் 10 கி.மீ. வரை, 10 கி.மீ.க்கு அப்பால் என வகைப்படுத்தப்படுகிறது. ஆயின், நாளொன்றுக்குப் பேருந்து எத்தனை முறை வருகிறது என்பது அதனால் புலப்படுவதில்லை.

போக்குவரத்தின்மையால் இளையோர் வெளியேறின் ஊரின் எண்ணிக்கை குறையும்; குறைந்த எண்ணிக்கை சாலைக்கான தகுதியை மேலும் எட்டாததாக்கும். ஆகவே, மக்கள்தொகையைத் தகுதியளவாக மட்டும் கொள்ளாது, போக்குவரத்தின் விளைவாகவும் நோக்குதல் சிற்றூர் ஆய்வுகளுக்கு இன்றியமையாததாகும்.