கடல்நீர்த் தொட்டியில் டாம்சல் மீன்கள்

கண்ணாடித் தொட்டியிற் கடல்மீன் வளர்க்கப் புகுவோர் பலர் முதலில் விரும்பி வாங்குவது டாம்சல் மீனையேயாம். அதன் விலை குறைவு. நிறமோ கண்ணைக் கவர்வது. இட்ட இரையை மறுக்காது உண்பது. நீரின் குற்றங்களையும் ஓரளவு தாங்கவல்லது. இந்நற்குணங்களே அதற்குத் தீங்காய் முடிந்தன. புதுத் தொட்டியைப் பக்குவப்படுத்த இரண்டொரு டாம்சலை விட்டாற் போதும், அவை இறப்பினும் பெரு நட்டமில்லை என்னும் உபதேசம் நெடுங்காலம் வழங்கி வந்தது. அது தவறாதல் எங்ஙனம் என்பதையும், இம்மீன்களை முறையாகக் குடியேற்றும் வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டாம்சல் என்னும் ஆங்கிலச் சொல் இளங்கன்னி எனப் பொருள்படும். பெயர் மென்மையுடைத்தாயினும் குணம் அன்னதன்று. ஏறத்தாழ 400 இனங்களைக் கொண்ட இக்குடும்பம் பெரும்பாலும் பவளப்பாறைகளில் வாழ்வது. கடற்சாமந்திகளினிடையே உறையும் கோமாளி மீன்களும் இதனைச் சேர்ந்தனவே. திருகோணமலையை அடுத்த புறாத்தீவுக் கடலில் நீந்துவோர், உடலில் ஐந்து கருங்கோடுகள் பொருந்திய சார்ஜன்ட் மேஜர் மீன்களைக் கூட்டங் கூட்டமாகக் காணலாம், அவையும் இக்குடும்பத்தனவே. இவற்றுட் பல தமக்கெனச் சிறியதோர் எல்லையை வகுத்து, அணுகும் பிற மீன்களைத் துரத்தியடிக்கும். சில, தம் எல்லையிற் பாசியைப் பயிர்போற் பேணி உண்ணும். பாறையில் ஒட்டிய முட்டைகளைக் காவல் செய்வது ஆண்மீனின் கடனாகும்.

இனி, நீரின் இயல்பை நோக்குவாம். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை இடையறாது வெளிவிடுகின்றது. எஞ்சிய இரையும் அழுகி அதனையே தருகின்றது. பெருங்கடலில் அது பரந்து மறையும். தொட்டியிலோ தேங்கி நிற்கும். கடல்நீர் சிறிது காரத்தன்மை உடையதாதலின் அதன்கண் அமோனியாவின் நஞ்சு மிகும். இந்நஞ்சை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும். பிறிதொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். முன்னைய இரண்டும் மீனுக்குக் கேடு செய்வன. பின்னையது குறைந்த அளவிற் பெருந்தீங்கு செய்யாது. இவ்விருவகைப் பற்றீரியாவும் கல்லிலும் மணலிலும் பற்றிப் பெருகுதற்கு 4 முதல் 6 கிழமை வரை செல்லும்.

இதனை யான் நூல்வாயிலாக மட்டும் அறிந்தேனல்லேன். மாணவர் சிலர் வேண்ட, வகுப்பறையில் அமைத்த தொட்டியில் மூன்றாம் நாளே நான்கு நீல டாம்சல்களை விட்டேன். அவை நீர்மட்டத்தில் வாய்திறந்து மூச்சுக்குத் தவித்தன. கிழமை முடியுமுன் ஒன்றேனும் எஞ்சவில்லை. “தண்ணீர் தெளிவாய்த்தானே இருக்கிறது, சேர்?” என்று ஒரு மாணவன் வினவினான். தெளிவு வேறு, தூய்மை வேறு என்று அன்று அவனுக்கு விடை கூற எனக்குத் தெரிந்திலது.

மீனின்றியே தொட்டியைப் பக்குவப்படுத்தல் எளிது. சிறியதோர் இறால் துண்டை இட்டு அழுகவிடலாம். அன்றி அமோனியங் குளோரைட்டை அளவாகச் சேர்க்கலாம். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, மீண்டும் பூச்சியமாயினமை சோதனையிற் புலப்பட்ட பின்னரே மீனை விடல் வேண்டும்.

ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீரமானி 1.023 முதல் 1.025 வரை காட்டுதலும், வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தலும் நன்று. சமையலுப்பு இதற்கு ஆகாது. மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பையே கரைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடனீரேரியின் உவர்த்தன்மை பருவந்தோறும் மாறுபடுவதாதலின் அந்நீரும் ஏற்றதன்று. நம் கிணற்றுநீர் சுண்ணாம்பு செறிந்தது. தோட்டப் பசளையால் நைத்திரேற்று மிகுந்ததும் உண்டு. ஆதலின் நன்கு வடித்துத் தூய்தாக்கிய நீரையே கொள்க. நீர் ஆவியாகும்போது உப்பு உடன்செல்லாது. எனவே குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுக.

200 இலீற்றர் கொள்ளும் தொட்டிக்கு மூன்று நான்கு சிறு டாம்சல்களே அமையும். மஞ்சள்வால் டாம்சல் ஒப்பளவிற் சாந்தமானது. மூன்று வெண்புள்ளிகளுடைய கறுப்பு டாம்சல் குஞ்சில் அழகியதாயினும், 14 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து ஏனையவற்றை வருத்தும். அதனைத் தவிர்த்தலே தகும். புதுமீனை நான்கு கிழமை வேறு தொட்டியில் வைத்து வெண்புள்ளி நோயின்மை அறிக. சாதுவான மீன்களை முன்னும் டாம்சலைப் பின்னுமாக விடுக. முன்னே குடியேறியது தொட்டி முழுவதையும் தனதெனக் கொள்ளும். மீன்களின் தொகையினும் கல்லிடுக்குகளின் தொகை மிக்கிருத்தல் வேண்டும். பூசல் மிகின் கற்களை மாற்றியடுக்குக. எல்லை குலைய, பகையும் தணிவதுண்டு.

கடைகளில் விற்கும் டாம்சல்களுட் பல இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுவனவே. 1998 இற் கடல்நீர் வெம்மையுற்றுப் பவளங்கள் வெளிறியபோது இக்கடுவைப் பாறைகளும் பெரிதும் அழிந்தன. 2003 முதல் தேசியப் பூங்காவாய் விளங்கும் புறாத்தீவில் மீன் பிடித்தல் சட்டவிரோதமாகும். விலை குறைந்த உயிர் என்பதனால் அது வீணே இறக்கத்தக்க உயிராகிவிடாது.

அடுத்தமுறை யாமும் மாணவரும் 41 நாள் வெறுந்தொட்டியைப் பார்த்துக் காத்திருந்தோம். நாள்தோறும் நீரைச் சோதித்து அளவுகளைக் குறித்தவன் முன்பு வினாவிய அம்மாணவனே. பின்னர் விட்ட மூன்று மீன்களும் நிலைத்தன. அவன் கற்றது மீன்வளர்ப்பு மாத்திரமன்று, காத்திருத்தலுமாம்.